பாரம் இழந்த மெசின்

யுத்தம் முடிந்த மறுவருடத்துச் சித்திரையில், திராய்மடுவில் ஆர்னோல்ட்டின் வளவைக் கூட்ட உதவிக்கு வந்த அயல்வீட்டுக் கண்ணகை, அங்கே நின்ற பழைய தோட்ட உழவு மெசினை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் கிடந்த வேப்பஞ் சருகுகளை வலது கையால் கூட்டி எடுத்தாள். பிறகு மெசினை இருந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, "இது வர வர மெலியுதுகா. தீன் கீன் வைக்கிறயளோ?" என்று ஆர்னோல்ட்டின் மனைவி பியட்றிஸிடம் கேட்டாள்.

அந்த மெசின் ஒரு நாகு மாட்டின் உயரமே இருந்தாலும், முழுவதும் வார்ப்பிரும்பு. மலைநாட்டுத் துரை ஒருவர் கைவிட்டுப் போனதை, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த ஆர்னோல்ட் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பிறர் முத்திரை சேர்ப்பதுபோல அவர் இத்தகைய மெசின்களின் பாகங்களைச் சேர்த்தார். அக்காலத்தில் அதற்குப் பணம் தேவைப்படவில்லை. அவற்றை விரும்புவார் ஒருவரும் இருக்கவில்லை. வெல்லாவெளியில் கனகசிங்கம் என்பவரின் மாட்டுக் கொட்டிலில் இரண்டு மெசின்கள் கிடந்தன. அவற்றின் ஆசனங்களில் கோழிகள் முட்டையிட்டன. நத்தார்ப் பண்டிகை தோறும் பியட்றிஸ் சுட்ட கேக்கைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆர்னோல்ட் பஸ் ஏறுவார். திரும்பும்போது அதே பெட்டிக்குள் ஒரு காபரேட்டரோ பல்சக்கரமோ இருக்கும். சோதனைச் சாவடியில் அதைக் குண்டென்று நினைத்து மாலைவரை அவரை இருத்தி வைத்த நாட்களும் உண்டு.

அப்போது அவர்கள் கடலோரத்தில், டச்பார் என்ற ஊரில் குடியிருந்தார்கள். ஒரு வருடம் நத்தாருக்கு மறுநாள் ஆர்னோல்ட் பாலம் கடந்து பட்டணத்துக்குப் போயிருந்த காலைவேளையில் கடல் எழுந்து வந்தது. வீட்டையும் வேலியையும் சேர்த்து வைத்த பாகங்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பியட்றிஸ், மெசினின் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தாள். மெசின் அசையவில்லை. நீர் வற்றியபின் வந்த ஆர்னோல்ட், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. திராய்மடுவில் புதுவீடு கிடைத்ததும், ஊரார் கூடி அம்மெசினை இழுத்துவந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். அன்றுமுதல் மழை பெய்தால் பியட்றிஸ் குடையோடு போய் அதன் ஆசனத்தில் அமர்ந்து, மழை விட்டபிறகே வீட்டுக்குள் வருவாள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அவரவர்க்கும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது.

உப்புநீர் குடித்த மெசினுக்குத் தீப்பொறி தரும் மெக்னீற்று ஒன்று தேவைப்பட்டது. வெல்லாவெளிப் பாதை சண்டையால் மூடுண்டு கிடந்தபடியால் ஆர்னோல்ட் காத்திருந்தார். பாதை திறந்த வருடத்து நத்தாருக்கு, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மகன் கிளென், மெசினில் தாயை இருத்திப் படம் எடுத்தான். சட்டை கசங்கியிருக்கிறதென்று ஆர்னோல்ட் அருகில் நிற்க மறுத்துவிட்டார். தாயைக் காத்த மெசின் என்று கிளென் அப்படத்தை இணையத்தில் போட்டான். பார்த்தவர்கள் ஆயிரமாயிரமாய்ப் பெருகினார்கள். "பப்பா, இண்டைக்குப் பிறேசில்ல இருந்தும் பாக்கிறாங்க" என்று அவன் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் ஆர்னோல்ட் பூரித்தார். ஒவ்வொரு பார்வையும் ஒரு சிட்டிகை பாரத்தைக் கொண்டுபோவதை, கண்ணகை கூட்ட வந்த நாள்வரை அவர் அறியவில்லை.

அதை அறிந்ததும், நத்தார் வரும்வரை பொறுக்காமல் கேக் பெட்டியோடு அவர் வெல்லாவெளிக்குப் போனபோது, கனகசிங்கம் பெட்டியை வாங்கவில்லை. "கோவிக்காதங்க அண்ணே. இது இப்ப சும்மா குடுக்கிற சாமானில்ல. மகன் நெட்டில விலை பாத்தவன்." கொட்டிலுக்குள் கிரான் ஊரைச் சேர்ந்த ரதீஸ் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பழைய பாகங்களை வெளிநாட்டுக்கு விற்பது அவன் தொழில். முதலில் படத்தைப் போடுவான். பார்த்துப் பார்த்து மெசின் பஞ்சாகும்வரை பொறுப்பான். பிறகு உடைத்துத் தபாலில் அனுப்புவான். "தபாலுக்கு நிறைதான் கணக்கு, மாமா. கனத்தை எடுத்தாத்தான் லாபம்." அவனுடைய சைக்கிள் கைபிடியில் மூன்று கியர்பொக்ஸ்கள் திருவிழாப் பலூன்களைப்போல அசைந்தன. முழு மெசினைவிட அதன் துண்டுகளுக்கு விலை அதிகம் என்பதை அந்த வருடம் மாவட்டமே தெரிந்துகொண்டது. மெக்னீற்றைக் கனடாவில் ஒருவர் முன்பே கேட்டுவிட்டார். ஆர்னோல்ட் கேக்கோடு திரும்பினார். ரதீஸ் கெட்டவனல்லன்; மெசின் பறந்துவிடக்கூடாதென்று நல்ல நைலோன் கயிறு ஒன்றைத் தந்து அனுப்பினான்.

படத்தை எடுத்துவிடும்படி ஆர்னோல்ட் மகனைக் கேட்டார். அவனும் எடுத்தான், ஆனால் அதற்குள் அது ஊரூராய்ப் பரவிவிட்டது. "இது கண்ணூறுதான்" என்று கண்ணகை முடிவாகச் சொன்னாள். பியட்றிஸை மெசினில் இருத்தி, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நெருப்பிலிட்டாள். மிளகாய் எரிந்தது, நெடி எழவில்லை, ஒருவருக்கும் தும்மலும் வரவில்லை. தானும் பார்க்க வேண்டுமென்று கிளென் ஆசைப்பட்டதால், ஆர்னோல்ட்டே தொலைபேசியைப் பிடித்து அவனுக்குக் காட்டினார். இத்தனை அருமையான சடங்கை ஒளித்து வைப்பானேன் என்று எண்ணிய கிளென், பதிந்து வைத்து அதையும் இணையத்தில் போட்டுவிட்டான். விடிந்தபோது மெசின், வேம்போடு கட்டியிருந்த ரதீஸின் கயிற்று நுனியில், கூரைக்கு மேலே, பட்டம்போல நின்றது.

"கண்ணூறு கழிக்கிறதை ஆரும் ஊருக்குக் காட்டுவாங்களா? உங்கட புத்திய என்னண்டு சொல்ல!" என்று கண்ணகை ஏசினாள். அந்தச் சடங்குப் படத்தில் அவளுடைய கை மட்டுமே விழுந்திருந்தது. அந்தக் கை சில வாரம் தானாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கிளென் அழுதான். "நீ சாப்பிட்டியா மனே?" என்று மட்டும் பியட்றிஸ் கேட்டாள்.

கார்த்திகையில் முதல் மழை இறங்கியது. பியட்றிஸ் குடையோடு முற்றத்துக்கு வந்தாள். ஈர மணலில் அவளுடைய காலடி பதியாததை ஆர்னோல்ட் அப்போதுதான் கண்டார். இரண்டு படத்திலும் அவளும் இருந்தாள் என்பது அவர் நெஞ்சில் உறைத்தது. செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் சொன்னபடி கயிற்றை இழுத்தார். கிணற்று வாளியைப்போல மெசின் இறங்கியது. அவள் ஏறி அமர்ந்தாள். மெசின் அவளையும் கொண்டு மெல்ல உயர்ந்தது.

"பியட்றிஸ், தண்ணி வந்தா அது உன்னைப் பிடிச்சு வைக்காது."

"வந்தாக் கீழால போகட்டும். நீங்க கயிறை விட்டிராதங்க."

எந்தப் படத்திலும் விழாதவர் ஆர்னோல்ட் ஒருவரே. அந்த வீட்டில் பாரம் எஞ்சியிருந்ததும் அவரிடம் மட்டுமே. அவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, கதிரையைப் போட்டு மழைக்குள் அமர்ந்தார். அதுமுதல் மாரி தோறும் அப்படித்தான். காற்றடிக்கும் நாளில் அவருடைய கதிரையும் சற்று இழுபடும். கண்ணகை வந்து, அண்ணாந்து பார்த்து, "நனைஞ்சிடாதக்கா" என்று சொல்லிவிட்டு, எதையும் தூக்க வேண்டியில்லாத வெறுந்தரையைக் கூட்டிவிட்டுப் போவாள்.