முயல் காதில் பச்சைக் கோடு

எங்கள் மெத்தைக் கம்பெனி சர்வரில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பழைய ஃபைல் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமா என்பது நெடுநாள் கேள்வி. அதற்காகவே எல்லாக் கோப்புகளையும் ஆரம்பத்திலிருந்து இரண்டிலும் வைத்து மேய்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவெடுக்கும் நாளில், முதலாளி முன்னால் இரண்டிலிருந்தும் கம்பெனி லோகோவைத் திறந்தேன். தூங்கும் முயல். பழையதில் அதன் காதுக்குக் குறுக்கே பச்சைக் கோடு. புதியதில் கோடு இல்லை.

"கோடு எங்கப்பா?"

"கோடு வரைஞ்சதே இல்ல சார். பழசுல ஃபைல் கெட்டுப்போயிருக்கு. கெட்டதைச் சொல்லாம அப்படியே காட்டுது. புதுசு அப்பப்போ சரிபார்த்துத் திருத்திக்கும்."

கம்பெனி விளம்பரங்களைக் கவனிக்கும் அவருடைய மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பச்சைக் கோடுதான் எங்கள் மெத்தை இயற்கையானது என்பதற்கு அடையாளம் என்று ஊரெல்லாம் பேசியவர் அவர். லேபிள், வேன், வாசல் போர்டு, என் சட்டைப் பை, எல்லாவற்றிலும் கோடு.

"மாமா, புதுசு டேட்டாவ முழுங்குது," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லோகோ வரைஞ்சவரையே கேளுங்க சார்."

முதலாளி இரண்டு திரையையும் நிதானமாகப் பார்த்தார். "பழசு எதையும் தொலைக்கல. கோடுகூட பத்திரமா இருக்கு. அதுவே இருக்கட்டும். எதுக்கும் அந்த முயலுக்கு ஒரு பேக்கப் எடுத்து வெச்சுடு."

கோடு போட்ட முயலை அன்றே பேக்கப் எடுத்தேன், புதியதில். பழையதை நம்பி விட்டுவிட்டு, நாளைக்கு அந்தக் கோடும் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?