ஒரு ஸ்டாப் முன்னால்

சாப்பாட்டு நேரத்தில் பட்டன் அக்கா போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்தாள். துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் அறை. நாங்கள் நான்கு பேர். அவள் பட்டன் தைப்பாள், நான் பேன்ட் உயரம் குறைப்பேன். திரையில் என் வீட்டுக்காரர். உளவியல் நிபுணர், கையை விரித்து விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு பெண் வந்தாங்க. குழந்தை பிறந்து பதினோரு நாள்ல போயிடுச்சு. அந்த ஆஸ்பத்திரி வாசல்லதான் பஸ் நிக்கும். அதுக்காகவே ஏழு வருஷமா ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி, சந்து வழியா வேலைக்கு நடக்கிறாங்க..."

பட்டன் அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன்டி, நீயும் ஒரு ஸ்டாப் முன்னாடிதானே இறங்குவ? நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவியே?"

அப்புறம் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்கள். இந்தப் பார்வைக்குப் பயந்துதான் இங்கே யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன். பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடினேன்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். ஷூவைக் கழற்றியபடியே சொன்னார்: "பேரு சொல்லலையே? கிளினிக்குக்கு வர்றவங்களைப் பத்தி நான் பேசவே கூடாது, என் தொழிலே போயிடும். உன் கதைன்னா அந்தப் பிரச்சனை இல்ல. வீடியோவுக்குக் கீழே கமென்ட்டைப் பாரு, எத்தனை பேர் அழுதிருக்காங்க!"

மகா யோக்கியர். வருகிறவர்களின் ஃபைலுக்கு இரும்பு பீரோ, அதற்கு இரண்டு பூட்டு, சாவியை என்னிடம்கூடத் தந்ததில்லை. நான் அவர் தோளில் அழுதுகொண்டே சொன்னதற்கு மட்டும் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது.

மறுநாள் அவர் கிளினிக்குக்குப் போனேன். ரிசப்ஷன் பெண் புதிது, என்னைத் தெரியாது. படிவம் கொடுத்தாள். மேலே தடித்த எழுத்தில், 'நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது.' வந்த காரணம் என்ற இடத்தில் பதினோரு நாளையும், அந்த ஸ்டாப்பையும், சந்து வழியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணவர் பெயரைப் படித்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ மேடம், நீங்களா! சார் சொந்தக்காரங்களைப் பார்க்க மாட்டாரே. ரூல்ஸ் மேடம்."

"சரி, அந்தக் காகிதத்தையாவது பீரோவுல வையும்மா."

"கேஸ் எடுக்காத ஃபார்மை வைக்கக் கூடாது மேடம். வெளியவும் விடக் கூடாது. யாராவது படிச்சுட்டா?"

காகிதம் வெட்டும் மெஷினில் விட்டாள். என் கையெழுத்து மெல்லிய கீற்றுகளாகக் கூடைக்குள் விழுந்தது. ஓரத்தில் சிக்கிய ஒரு கீற்றையும் விடாமல், நகத்தால் பொறுக்கி எடுத்து மறுபடி உள்ளே விட்டாள்.