ஜெமைமாவின் மூக்கு

1

இந்தக் கதை என் மூக்கில் தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

போன குளிர்காலத்தில், சிட்னித் துறைமுகத்தில் மழைக்கு ஒதுங்கி ஒரு சிறிய கடல் காட்சியகத்துக்குள் நுழைந்தேன். இரும்புத் தாங்கியில் ஒரு பலகை நின்றது. பழைய கப்பலின் பக்கவாட்டுப் பலகை. அதில் மரத்தின் கணு உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் தார் தோய்த்த நாரை அடைத்திருந்தார்கள். அது கல்லாக இறுகியிருந்தது. பக்கத்திலிருந்த அட்டையில் கப்பலின் மொத்த வாழ்க்கையும் சில வரிகளில் முடிந்திருந்தது. பெயர் ஜெமைமா, முதலாளி மனைவியின் பெயர். முதலில் அயர்லாந்திலிருந்து பெண் கைதிகளை ஏற்றி வந்தாள். பிறகு தெற்குத் தீவுகளில் கடல்நாய்த் தோல் வேட்டைக்குப் போனாள். பிறகு ஒரு பாறை. அவ்வளவுதான்.

தார் இன்னும் மணக்கிறதா என்று குனிந்தேன்.

"அம்மா, மூக்கை எடுங்க," என்றாள் காவலுக்கு நின்ற பெண். "கையால தொடாதீங்கன்னு போட்டிருக்கோம். இனிமே மூக்குக்கும் ஒரு போர்டு வைக்கணும் போல." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாசனை ஏதாவது வருதா?"

"ஒண்ணும் வரலையே."

"எனக்கும் வரலை," என்றாள் ஏமாற்றத்துடன்.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். ஓட்டையை அடைத்தது யார் என்று யோசிப்பதற்குள், அதன் வழியாக மூச்சு வாங்கியது யார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பெருங்கடலின் நீலத்தைக் கிழித்துக்கொண்டு ஜெமைமா—"

வேண்டாம். கீழ்த்தளத்தில் அடைபட்டிருந்த பெண்களுக்கு நீலமே தெரிந்திருக்காது.

இரண்டாவது தொடக்கம்: "பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேய அரசு—" நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது: நோரா காற்றைக் குடித்தாள்.

இது இருக்கட்டும்.

நோரா டுவயர், துணிக்கடையில் திருடியதற்காகப் பதினான்கு வருஷ நாடுகடத்தல் தண்டனை பெற்றவள். அவள் படுக்கும் இடத்துக்கு நேராகப் பலகையில் ஒரு கணு தளர்ந்திருந்தது. சீப்பின் முனையால் நெம்பி நெம்பி அதை எடுத்துவிட்டாள். கடல் அமைதியாக இருந்தால் பெண்கள் முறை வைத்து அங்கே மூக்கை வைப்பார்கள். அலை எழும்பினால் நோரா தன் பாவாடை ஓரத்தைக் கிழித்த துணியால் அடைத்துவிடுவாள். அதற்கு 'ஜெமைமாவின் மூக்கு' என்று பெயரும் வைத்தார்கள்.

கப்பல் தச்சர் ஜேபஸ் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"நான் எதையும் பார்க்கலை," என்றார். "பார்க்காத ஓட்டையை அடைக்கவும் முடியாது. ஆனா அலை வரும்போது நீ தூங்கிட்டேன்னு வை, நாம எல்லாரும் மீனுக்குச் சாப்பாடு."

(முதல் வரைவில் ஜேபஸ் ஒரு குடிகாரர், கதைக்கு நடுவே கடலில் விழுந்து சாக வேண்டியவர். இந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.)

3

சிட்னியில் நோராவுக்குக் கல்யாணம் ஆனது. கணவன் லூக், தண்டனைக் காலம் முடிந்து விடுதலையானவன். இதற்குள் ஜெமைமாவும் தொழில் மாறியிருந்தாள். பெண்கள் படுத்த பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் உப்புப் பீப்பாய்களை அடுக்கினார்கள். கடல்நாய் வேட்டைக் கூட்டத்தோடு லூக்கும் ஜெமைமாவில் ஏறினான். கப்பல் அவர்களைத் தெற்கே ஒரு தீவில் இறக்கிவிட்டு, அடுத்த வருஷம் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லித் திரும்பி வந்தது. அந்த வேலையில் அதுதான் வழக்கம்.

இப்போது அவர்களை ஏற்றிவரப் புறப்படுகிறது. ஆனால் சிட்னிக்குத் திரும்பாது. தீவிலிருந்து தோலோடும் ஆட்களோடும் நேராக லண்டன்.

நோராவின் தண்டனை பாதிகூட முடியவில்லை. அவள் இந்த மண்ணைத் தாண்டக் கூடாது. கப்பல் அவளை விட்டுவிட்டுப் போனால், பூமியின் இந்த முனையில் மனைவி, அந்த முனையில் கணவன்.

லூக்குக்கு இது முன்பே தெரியுமா? இங்கேதான் என் பேனா நின்றுவிட்டது. லூக்கை எனக்குப் பிடித்திருக்கிறது, தொந்தரவே அதுதான். பிடித்தவர்களை நான் விசாரிப்பதில்லை. அதனால் நோராவையே விசாரிக்க அனுப்பினேன்.

ஜேபஸ் கப்பலின் வெளிப்புறத்தில், கயிற்றில் கட்டிய பலகைமேல் உட்கார்ந்து, இடுக்குகளில் தார் நாரை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். மாலுமிகளுக்குத் துவைத்த சட்டைகளோடு நோரா துறைமேடையில் வந்து நின்றாள்.

"என்ன பொண்ணே, சட்டை காயலையா, கண்ணு காயலையா?"

"கப்பல் நேரா லண்டன் போகுதாமே அண்ணே."

"தோலுக்கு விலை அங்கதான். கடல்நாய் தானா நீந்திப் போகுமா?"

"லூக்குக்கு அது தெரியுமா?"

ஜேபஸின் சுத்தியல் நிற்கவில்லை. "புருஷன் உன்னோடவன். கேள்வி எனக்கா?"

"அவரோட நல்ல கோட்டை வீட்டுல விட்டுட்டுப் போயிருக்காரு. திரும்பி வராதவன் கோட்டை விட்டுட்டுப் போவானா?"

"அந்தத் தீவுல கோட்டை மாட்டிக்கிட்டு எந்தக் கடல்நாயைப் பொண்ணு பார்க்கப் போறான்?"

நோரா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "நான் ஏறப்போறேன்."

சுத்தியல் நின்றது.

"புகை போடுவாங்கடி."

புறப்படும் கப்பலில் கைதிகள் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க அது ஒரு முறை. கீழ்த்தளத்தில் கந்தகத்தைக் கொளுத்தி வைத்து, மூடிகளைச் சாத்திவிட்டு, கான்ஸ்டபிள்கள் மேலே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே யார் இருந்தாலும் இருமித்தான் ஆக வேண்டும்.

"தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன். மூக்கு இன்னும் திறந்துதான் இருக்கா?"

"இதுவரைக்கும் துணி அடைச்சே ஓட்டிட்டோம். இன்னிக்கு அதைத் தார் நாரால அடைக்கச் சொல்லித்தான் உத்தரவு. உப்பு ஏத்தறாங்க. தண்ணி உள்ள போனா உப்பு கரையும். உப்பு கரைஞ்சா தோல் அழுகும். தோல் அழுகினா, அத்தனை பேரும் ஒரு வருஷமாப் பட்ட பாடு உரக்குழிக்குத்தான். உன் லூக்கோட பாடும் சேர்த்து."

"புகை போடற வரைக்கும் விட்டு வைங்க. அப்புறம் உள்ளேருந்து நான் அடைச்சுக்கறேன். எனக்குப் பழக்கம்தானே?"

"மாட்டிக்கிட்டா?"

"முடியைக் கத்தரிச்சுப் பெண்கள் ஜெயிலுக்கு அனுப்புவாங்க. முடி வளரும்."

"என் வேலை போனா வளராதுடி," என்றார் ஜேபஸ்.

முடியும் என்றோ முடியாது என்றோ அவர் சொல்லவில்லை. மறுபடி சுத்தியலை எடுத்தார்.

4

[இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் லூக் தீவின் பாறைமேல் உட்கார்ந்து மனைவியை நினைத்து ஏங்கினான். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவன் நினைப்பது நோராவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாததை அவள் முதுகுக்குப் பின்னால் உங்களிடம் சொன்னால் அது புறணி.]

5

காலை. துறைமுகத்தில் நல்ல வெயில். உப்புப் பீப்பாய்களுக்குப் பின்னால் நோரா குந்தியிருக்கிறாள். லூக்கின் கோட்டைப் போட்டிருக்கிறாள், கைகள் நீளம். கந்தகச் சட்டிகளை இறக்கிவிட்டு மேலே மூடிகளைச் சாத்துகிறார்கள். இருட்டில் விரலால் பலகையைத் தடவிக்கொண்டே போகிறாள். ஓட்டை இருக்கும் இடம் அவள் விரலுக்குத் தெரியும்.

ஒரு முடிவு: விரல் உள்ளே போகிறது. மூக்கை வைக்கிறாள். துறைமுகத்தின் மீன் வாசனை, யாரோ ரொட்டி சுடும் வாசனை. கப்பல் புறப்படுகிறது. சில வாரங்கள் கழித்து, தன் கோட்டே படகிலிருந்து இறங்கி வருவதை லூக் கரையில் நின்று பார்க்கிறான். அப்போது அவன் முகம்— [எழுத முடியவில்லை. எப்படி எழுதினாலும் என் பழைய கதாநாயகர்களின் முகம்தான் வருகிறது.]

இன்னொரு முடிவு: விரல் தாரில் முட்டுகிறது. ஜேபஸ் நேர்மையான தச்சர். தீவில் இருப்பவர்களின் ஒரு வருஷ உழைப்புக்கு அவர் பொறுப்பாளி. நோரா இருமுகிறாள்.

அதே முடிவு, கொஞ்சம் மாற்றி: நோரா இருமுகிறாள். அந்தக் கணமே மேல்தளத்தில் ஜேபஸும் இருமுகிறார்.

"யாருய்யா அது?" என்கிறான் கான்ஸ்டபிள்.

"நான்தான் துரை. உங்க புகை எனக்குத்தான் முதல்ல ஏறுது."

"அந்தப் பக்கம் போய் இருமு, கிழவா."

ஜேபஸ் போகவில்லை. அவள் இருமும்போதெல்லாம் அவரும் இருமுகிறார். கண்ணில் நீர் வழிய, தொண்டை கமற, தளத்தில் காலை உதைத்துக்கொண்டு இருமுகிறார். ஆனால் புகை எவ்வளவு நேரம் போடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை.

மனசு இந்த முடிவுக்குத்தான் ஓடுகிறது. அதனாலேயே இதைச் சந்தேகப்படுகிறேன்.

6

நேற்று மறுபடியும் காட்சியகத்துக்குப் போனேன். "இந்த ஓட்டையை அடைச்சது புகைக்கு முந்தியா, பிந்தியா?" என்று அதே பெண்ணிடம் கேட்டேன்.

"எந்தப் புகை?" என்றாள்.

கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அடைப்பு எப்பவோ ஒரு நாள் போட்டது. அதுக்கு மேல பலகைக்குத் தெரியாதும்மா," என்றாள். பிறகு, "அவ போய்ச் சேர்ந்தாளா?" என்று கேட்டாள்.

அதை இப்போது உங்களிடம் கேட்கிறேன். அந்தக் காலையில் ஓட்டையில் நார் அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். லூக்கைப் பற்றியும் நீங்களே முடிவு செய்யுங்கள். அவனைப் பிடித்துப்போய்விட்ட நான் அதற்குச் சரிப்பட மாட்டேன்.

ஆனால் ஆற அமர யோசிக்காதீர்கள். புகை பீப்பாய்களைத் தாண்டிவிட்டது. கோட்டின் கையை வாயில் திணித்துக்கொண்டு, நோரா மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.