கையில் பட்டை இல்லாதவர்

"அக்கா, முழிச்சிருக்கியா?"

"இல்ல, தூக்கத்துல பேசுறேன். என்னடி?"

சின்னவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். பக்கத்து அறையில் சித்தப்பாவின் இருமல் அடங்கும்வரை வாய் திறக்கவில்லை.

"டயர்க்காரர் சுவர் ஏறிக் குதிச்சு வரலக்கா. நான்தான் உள்ள விட்டேன்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

கார்ப் பந்தயத் திடல் சித்தப்பாவுடையது. அப்பா போன பிறகு இவர்களுக்குச் சோறும் கூரையும் அவர்தான். பந்தய நாளில், வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையின் வாசலில் சின்னவளுக்கு வேலை. டிக்கெட் எடுத்தவர் மணிக்கட்டில் காகிதப் பட்டையை ஒட்டி உள்ளே விட வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர் மட்டுமில்லை. ஓட்டுகிறவர், மெக்கானிக், டயர் மாட்டுகிறவர் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு. சித்தப்பா போட்ட சட்டம். அதனாலேயே அந்த வாசலில் வாராவாரம் ரகளை.

இன்று டயர்க்காரர் ஆளுயரத்துக்குச் சக்கரங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, சர்க்கஸ்ல சிங்கம் டிக்கெட் எடுத்துட்டா உள்ள போகுது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமாகவும் பட்டது. உழைக்க வருகிற மனுஷனிடம் நுழைவுக் காசு கேட்பது என்ன முறை? "சரி, போங்க சிங்கம்" என்று குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டாள்.

"அடிப்பாவி, அந்தப் பட்டையிலதான்டி இன்சூரன்ஸே இருக்கு" என்றாள் அக்கா. "பட்டை இல்லாம அடிபட்டா கம்பெனி கைவிரிச்சிடும்."

"எனக்கு யாருமே சொல்லலியேக்கா. டிக்கெட்டு வேடிக்கை பாக்கத்தான்னு நினைச்சேன்."

இன்றைய பந்தயத்தின் நடுவில், ஓடுகிற வண்டியிலிருந்து கழன்ற சக்கரம் தடுப்பைத் தாண்டி வந்து டயர்க்காரர் தொடையில் இறங்கியது. ஓடிவந்த சித்தப்பா முதலில் பார்த்தது அவர் காலை அல்ல, கையை.

"யாருய்யா உன்னை உள்ள விட்டது?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் இவளை ஒரு பார்வை பார்த்தார். "யாரும் விடல. நானாத்தான் வந்தேன்."

அதற்குக் கண் காது மூக்கு வைத்து, திருட்டுத்தனமாகச் சுவரேறி வந்த ஆள் என்று போலீஸில் சொல்லிவிட்டார் சித்தப்பா.

"காலை எடுக்கணுமாம்க்கா. நான் உண்மையைச் சொல்லிட்டா?"

"நாமதான் உள்ள விட்டோம்னு ஆனா, செலவு பூரா திடல் தலையில விழும். நம்மளைத் தெருவுல நிறுத்திடுவாரு. பேசாம படு."

அவள் படுக்கவில்லை. சித்தப்பா அறை வாசலில் போய் நின்றாள். அவர் இருட்டில் கண் கொட்டாமல் கிடந்தார்.

"சித்தப்பா, டயர்க்காரரை நான்தான்..."

"தெரியும். கேமராவுல பாத்தேன். அதை அழிச்சும் ஆச்சு." அவர் குரலில் அத்தனை வாஞ்சை. "நீ எதுக்கும் பயப்படாத கண்ணு. போய்த் தூங்கு."

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவள் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பாள்.

திரும்பி வந்து கட்டிலடியில் செருப்பைத் துழாவினாள்.

"எங்கடி?"

"ஆஸ்பத்திரிக்கு. டயர்க்காரர் சம்சாரம் அங்கதான் இருப்பாங்க."

"போனா இந்தக் கதவு மறுபடி திறக்காது."

"தெரியும்க்கா."

இருட்டில் செருப்பு வார் கொக்கியில் மாட்டவில்லை. அக்கா இறங்கிக் குனிந்து மாட்டிவிட்டாள். கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.