வெடிப்பில்லாத தக்காளி

...இது விடுதிக்கு, இதுவும், இதில் காம்போரம் ஒரு வெடிப்பு, அதனால் சந்தை வாளிக்கு, கை அதன் பாட்டுக்குத் தக்காளியைப் பிரித்துக்கொண்டே போகிறது, டெல்சிக்கு இந்த வேலைக்கு யோசனை தேவையில்லை, யோசனையெல்லாம் வாசலில் இருக்கிறது, புருஷன் ராய்ஸ்டன் முக்காலிமேல் நீட்டி வைத்திருக்கும் இடது காலில். கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. முதலில் செருப்புக் கடி என்றான், அப்புறம் கினியாப் புல் அறுக்கும்போது குச்சி குத்தியிருக்கும் என்றான். புல்லை அறுத்துச் சுமந்துவந்து செம்மண்மேல் மெத்தை மாதிரிப் பரப்பாவிட்டால் இந்த வெயிலில் ஒரு செடி பிழைக்காது, அது சரி, ஆனால் குத்தியதே தெரியவில்லை என்கிறானே, குத்தினால் எப்படித் தெரியாமல் போகும்... அவன் தம்பி எவெரார்டும் இப்படித்தான் தெரியவில்லை, தெரியவில்லை என்றான். அவனுக்கும் சர்க்கரை. கிங்ஸ்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சர்ச்சில் இப்போது வரிசையின் ஓரத்தில் உட்கார்கிறான், பாட்டுக்கு எல்லோரும் எழும்போது அவன் பாட்டுப் புத்தகத்தை மட்டும் உயர்த்திப் பிடிக்கிறான். டெல்சி அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அதே சர்ச் கூடத்தில்தான் நர்ஸம்மா ஒரு தட்டில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள், பாதித் தட்டு காய், கீரை, பழம், மீதியில்தான் மற்றதெல்லாம், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வராமல் இருக்க இதுதான் வழி, வந்தபின் மாத்திரையோடு இதுவும் வேண்டும் என்று. பின்னாலிருந்து மேவிஸ், "எங்க வீட்டுக்காரனுக்கு இப்படி வெச்சா, கறி எங்கடின்னு பானைக்குள்ள தலைய விட்டுத் தேடுவான்" என்றாள். அதற்குக்கூட அவ்வளவு சிரிப்பு இல்லை. "ஏன், உங்க ஊர்ல தக்காளி கிடைக்காதா?" என்று நர்ஸம்மா கேட்டாளே, அதற்குத்தான் கூடமே குலுங்கியது. ஜமைக்காவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கடற்கரை விடுதிகளில் தின்பதற்காகவே தக்காளி காய்க்கிற ஊர். டெல்சியும் சிரித்தாள், சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து டின் மாட்டிறைச்சியை வதக்கி, மாவுருண்டையை வேகவைத்து, அவனுக்கு இனிப்புச் சோடா ஊற்றிக் கொடுத்தாள். எதற்குச் சிரித்தோம்? வெடித்தது சந்தைக்கு, அழுகியது பன்றிக்கு, விடுதி லாரிக்காரன் வேண்டாமென்று திருப்பினால் அன்றைக்கு மட்டும், கெட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுக்கு... இதில் சிரிக்க என்ன இருந்தது?

நேற்று புண்ணைப் பார்த்த நர்ஸம்மா டெல்சியைத் தனியாகக் கூப்பிட்டாள். "விரலு நிக்கணும்னா மருந்துக் கட்டும் மாத்திரையும் மட்டும் பத்தாது டெல்சி, அவன் தட்டு மாறணும்." மாற்றிப் பார்க்காமலா? போன வாரம் முழுசாக ஒரு நல்ல தக்காளியைத் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, நொண்டிக்கொண்டே போய் விடுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தான். கோபமில்லை. கீழே கிடக்கும் பிறத்தியார் பொருளை எடுத்துக் கொடுப்பது போலத்தான் செய்தான். அவளுக்கும் அது தப்பாகப் படவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஹாரன் சத்தம். லாரி வளைவில்தான் நிற்கும், வாசலிலிருந்து தெரியாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள், மேல் பெட்டியிலிருந்து நான்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள், ஏன் குறைகிறது என்று லாரிக்காரன் கேட்டான், வெடித்துவிட்டது என்றாள். திரும்பி வந்து மூன்றை நறுக்கினாள், கலாலூக் கீரையை வதக்கினாள், பாதித் தட்டு அதுவே, மீதியில் ஒரு துண்டுக் கிழங்கும் கொஞ்சம் மீனும்.

ராய்ஸ்டன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்ன, லாரிக்காரன் திருப்பிட்டானா?"

"ஆமா."

"நல்லாத்தானே இருக்கு. என்ன கொறையாம்?"

"சின்னதாம்."

"கண்ணு அவிஞ்ச பய" என்று திட்டிக்கொண்டே தின்றான், வீணாகக் கூடாதென்று கீரையையும் வழித்துத் தின்றான். "ருசியாத்தான் இருக்கு, டெல்" என்றான்.

நாளைக்கும் திருப்ப வேண்டும், நாளன்றைக்கும், நல்லதையெல்லாம் தினமும் திருப்புகிற லாரிக்காரனை ராய்ஸ்டன் எத்தனை நாள் நம்புவான்... அவள் நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கத்தியைப் பிடித்தபடியே அவள் கட்டைவிரல் தக்காளித் தோலைச் சுற்றித் தடவியது, கெட்ட இடத்தைத் தேடி, இன்னொரு முறை சுற்றியது. வெட்டி எறிய ஒன்றுமே இல்லாத தக்காளியை எங்கிருந்து தின்னத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.