எறிவதற்குப் பொரித்தது

துபாய் தேராவில் அப்ரா படகுத் துறைக்குப் பின்னால், மசாலாக் கடைகளைத் தாண்டிப் போனால் ஒரு சந்து. அதில்தான் மதீனா பீவியின் வடைக்கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே இரண்டு அடுப்பு, பின்கதவைத் திறந்தால் குப்பை டிரம், அவ்வளவுதான். கீழக்கரைக்காரி. புருஷன் மவுத்தான பிறகு மகள் ருமைஸாவோடு இங்கேயே தங்கிவிட்டாள். தங்க வழி செய்தவன் விஜயபாஸ்கர். கடை லைசென்ஸும் அவன் கம்பெனி பேரில்தான், தாய், மகள் இருவரின் விசாவும் அதே கம்பெனியில்தான். மதுரைப் பக்கத்துக்காரன், வாய்க்கு வாய் அக்கா முறையில் "லாத்தா, லாத்தா" என்பான்.

அவன் தொழில் பழைய எண்ணெய். ஒவ்வொரு ஹோட்டலாக ஏறி இறங்கி, பொரித்து மிஞ்சிய எண்ணெயை டிரம்மில் சேர்த்துக் கப்பலில் பிரிட்டனுக்கு அனுப்புவான். அங்கே அதை டீசலாக்கி பஸ் ஓட்டுகிறார்களாம். ருமைஸா அந்த பஸ்ஸை போனில் காட்டினாள். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் பச்சை இலை வரைந்திருந்தது. மதீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் முறையில் பழகும் பக்கத்துத் தையல்கடை செய்கு அலாவுதீனிடம் ஓடினாள்.

"காக்கா, நம்ம வடைச்சட்டி எண்ணெயிலதான் லண்டன் பஸ் ஓடுதாம், தெரியுமா?"

"அப்ப அந்த ஊரு பூரா வடை வாசம் அடிக்குமே புள்ள," என்றார் அவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோன்புப் பெருநாள் கழிந்த கொஞ்ச நாளில் விஜயபாஸ்கர் புது எண்ணெய் டின்களைக் கொண்டுவந்து இறக்கினான்.

"இனிமே நீங்க எண்ணெய் வாங்க வேணாம் லாத்தா. நானே தர்றேன், ஓசி. ஒரு தடவ பொரிச்சிட்டு எங்கிட்டயே குடுத்துருங்க."

மதீனா அதை அல்லாஹ்வுடைய பரக்கத் என்றே எடுத்துக்கொண்டாள். தினமும் புது எண்ணெய்! வடை பொன்னாட்டம் வந்தது. அப்ராக்காரர்கள் படகைக் கட்டிவிட்டு வந்து நின்றார்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் விஜயபாஸ்கருக்காக துஆ கேட்டாள். புது எண்ணெயைச் சும்மா கொடுத்துவிட்டுப் பழைய எண்ணெயாகத் திரும்ப வாங்க ஒருவனுக்கு என்ன பைத்தியமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வயிறு நிறைந்திருக்கும்போது யார்தான் கேள்வி கேட்கிறார்கள்?

டின் போய் டிரம் வந்தது. ஒன்று நான்காயிற்று. சந்தில் நடக்க வழியில்லை.

"தம்பி, இம்புட்டு எண்ணெய்க்கு நான் வடை சுட்டா துபாய் பூரா வந்து திண்ணாலும் தீராதே!"

"வடைதான் சுடணும்னு யாரு சொன்னா? உருளக்கெழங்கு, குப்பூஸ் ரொட்டி, எதையாச்சும் அள்ளிப் போடுங்க. எண்ணெய் கறுத்தாப் போதும்."

"பொரிச்சத என்ன செய்ய?"

"எறிஞ்சிருங்க."

விளையாடுகிறான் என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிறகுதான் விளக்கினான். பிரிட்டனில் கழிவு எண்ணெய்க்குத்தான் மவுசு. புது எண்ணெயென்றால் காட்டை அழித்து நட்ட எண்ணெய்ப்பனையில் எடுத்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் புதியதைவிடப் பழையதற்கு விலை கூட. "கழிவு கெடைக்கலன்னா நாமதான லாத்தா உண்டாக்கணும்?"

அன்றிலிருந்து மத்தியானமானால் இரண்டு அடுப்பும் நின்று எரியும். நல்ல கிழங்கு கரியாகும், அள்ளிக் கொட்டுவாள். நல்ல ரொட்டி கரியாகும், அள்ளிக் கொட்டுவாள். கேஸ் சிலிண்டர் வந்த வேகத்தில் காலியாகும். தரையில் விழுந்த சோற்றுப் பருக்கையைக்கூட ஊதி வாயில் போட்டு வளர்ந்தவள் மதீனா. ஒருநாள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வடை வாங்க வந்த மாயாண்டி, பின்கதவில் நின்று குப்பை டிரம்மை எட்டிப் பார்த்தான்.

"ஏன்க்கா, கறுக்குறதுக்கு முந்தி எடுத்து எங்க ரூமுக்காச்சும் குடுக்கலாம்ல? ஏழு பேரு இருக்கோம்."

வெளியே பேச்சுப் போகக் கூடாது என்பது விஜயபாஸ்கர் உத்தரவு. "கெட்டுப்போன கெழங்குப்பா," என்று அவள் கதவைச் சாத்தினாள்.

"இத விட்டுருவோம் மவளே. ஹராமான வேல," என்றாள் ருமைஸாவிடம்.

"விட்டுட்டு? விசா அவர் கையில உம்மா. அவர் கேன்சல்னு ஒரு வார்த்த சொன்னா நாம எங்க போறது? ஊர்ல நமக்கு ஒரு செவுரு இருக்கா?"

மதீனா கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே எண்ணெய் வாங்குகிற பிரிட்டன் கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு ஆள் வந்தது. வயதில் சின்னப் பெண், வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தாள். பிளாஸ்டிக் கப்பில் தேநீரை நீட்டியதும் வேண்டாமென்று தன் பையிலிருந்து ஸ்டீல் குவளையை எடுத்தாள். ஒரு வடையைத் தின்று விரலைச் சூப்பினாள். அவள் பேசப்பேச ருமைஸா தமிழில் சொன்னாள். அவளுக்குக் கார் கிடையாதாம், அந்த இலை போட்ட பஸ்ஸில்தான் தினம் வேலைக்குப் போகிறாளாம். வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருக்கிறார்களாம்.

பிறகு அந்தப் பெண் மதீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க ஊரு காத்து சுத்தமாகுதுன்னு சொல்றாங்க உம்மா," என்றாள் ருமைஸா.

பிடித்த கை சூடாயிருந்தது. மதீனாவுக்கு மாயாண்டியின் முகம் வந்து நின்றது.

"இத்தனை எண்ணெயும் வடை விற்றதில் வந்ததா?" என்று அந்தப் பெண் கேட்டாள். விஜயபாஸ்கர் கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்து நின்றான்.

"இல்லம்மா," என்றாள் மதீனா. "திங்கறதுக்கு இல்ல. எறியறதுக்குப் பொரிக்கிறோம். சொல்லு ருமைஸா."

ருமைஸா அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆமாம், வியாபாரம் ரொம்ப நன்றாகப் போகிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் மதீனாவுக்கும் புரியும்.

விஜயபாஸ்கர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. மகள் அவளைப் பார்த்தாள், கெஞ்சுகிற பார்வை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிடித்த கையை அந்தப் பெண் இன்னும் விடவில்லை. மதீனா அந்தக் கையோடு அவளைப் பின்கதவுக்கு இழுத்துப் போனாள். குப்பை டிரம் மூடியைத் தூக்கினாள். விளிம்பு வரை கரிந்த கிழங்கும் ரொட்டியும்.

"ஈட்டிங் மாஃபி, நோ," என்றாள். "எவ்ரிடே த்ரோ."

அந்தப் பெண் டிரம்முக்குள் குனிந்து பார்த்தாள். போனை எடுத்துப் படம் பிடித்தாள். சந்தில் இறங்கி நடந்தாள்.

"நல்லா இருங்க லாத்தா," என்றான் விஜயபாஸ்கர். குரலை உயர்த்தக்கூட இல்லை. "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

அவன் போன பிறகு ருமைஸா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "நீ சுத்தமாயிட்ட உம்மா. என்னய ஒரு வார்த்த கேட்டியா? போறது உன் விசா மட்டுமா?"

மதீனா என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல மறுநாளைக்கு உளுந்தை ஊறப் போட்டாள்.

காலையில் ஷட்டரில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே உளுந்து புளிக்க ஆரம்பித்த வாடை இடுக்கு வழியாக வந்தது. செய்கு அலாவுதீன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். படகைக் கட்டிவிட்டு வந்த அப்ராக்காரன், "பெஹன், வடா?" என்றான்.

"மாஃபி பாய்," என்றாள் ருமைஸா, உம்மா வாய் திறப்பதற்குள். படியில் உம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.