ராட்டினத்தில் கேட்ட சத்தம்

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் ஒட்டும் இன்ஸ்பெக்டருக்கு விடுமுறையில் ஆபீஸ்தான் மூடியிருக்கும், வாய் மூடாது. பூங்கா வாசலிலேயே இரும்புக் கதவின் கீலைத் தட்டிப் பார்த்து, "எண்ணெயைக் கண்ணால பாத்திருக்காது போல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். சட்டைப் பையில் அடையாள அட்டை. குளிக்கப் போகும்போதும் அதைக் கழற்றுகிறாரா என்பது மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அவள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் உட்காருபவள். அந்தப் பூங்காவில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ராட்சத ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும். மூன்று விடுமுறையாக நடக்கவில்லை. முதல் வருடம் காற்று பலமாக இருக்கிறது என்றார். அடுத்த வருடம் முழங்கால் வலி. போன வருடம் வரிசை நீளம். இயந்திர விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் இறால் வறுவலோ எதுவோ வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

இந்த முறை காற்று இல்லை, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக் கூட்டி வந்திருந்தாள், வரிசையிலும் நின்றாயிற்று.

"சார் இன்ஜினியருங்களா?" என்று பின்னால் நின்றவர் தெரியாமல் கேட்டுவிட்டார். நாற்பது நிமிடம் பாடம் நடந்தது. பாதியில் பின்னால் நின்றவரின் மனைவி, "ஏங்க, உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று தன் கணவர் காதைக் கடித்தாள்.

இவர்கள் முறை வந்தது. ராட்டினக்காரர் கதவைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. மேல ஒரு சத்தம் கேக்குது."

"அது எப்பவும் வர்றதுதான் சார்."

"எப்பவும் வருதுன்னா இன்னும் மோசம். நான் யாருன்னு தெரியுமா?"

அட்டை வெளியே வந்தது. அட்டையைப் பார்த்தபின் ராட்டினக்காரருக்கு வேறு வழியில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வரிசை முழுக்க முணுமுணுத்தது. "வீட்டுல இவர் மிக்ஸியையாவது ஓட விடுவாரா?" என்று ஒரு குரல் கேட்டது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். மேலுதட்டில் வியர்வை. கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. அதற்கு மேல் ஒரு புன்னகை. இந்த முகம் அவளுக்குப் புதிதல்ல. தினமும் காலை ஒன்பதரைக்கு அவள் மேஜை முன்னால் வந்து நிற்கும் முகம். பல்லைப் பிடுங்க வந்துவிட்டு, பெயரைக் கூப்பிட்டதும், "இப்ப வலியே இல்லைங்க, நாளைக்கு வரேன்" என்று நழுவுகிற முகம்.

லிஃப்ட் சோதனையிலும் இவர் கீழ்த்தளத்தில்தான் நிற்பார், உடன் வருகிறவர்களைத்தான் மொட்டை மாடிக்கு அனுப்புவார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆபீஸில் அதைப் பதவியின் கம்பீரம் என்று நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

மெக்கானிக் பெண் வந்து ராட்டினத்தைக் காலியாக ஒரு சுற்று விட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல சார். நீங்க உறுதியாச் சொன்னா கழட்டிடுறேன். கழட்டினா இன்னைக்கு ஓடாது. கழட்டட்டுமா?"

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். மனைவி மெதுவாக, ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள்: "சொல்லுங்க. நிஜமாவே சத்தமா, இல்ல பயமா?"

அவர் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சத்தம் எதுவும் கேக்கலம்மா. எனக்கு உயரம்னா பயம்."

வரிசை சிரிக்கும் என்றுதான் காத்திருந்தார். பின்னால் நின்றவர்தான் முதலில் பேசினார்: "அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா சார்? நானும் அந்தக் கட்சிதான். இவ இழுத்துக்கிட்டு வந்துட்டா."

மனைவி திட்டவில்லை. கைப்பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினாள். "தொலைச்சிடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பின்னால் நின்றவரின் மனைவியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஏறினாள்.

கீழே இரண்டு ஆண்கள், ஆளுக்கொரு கைப்பை. உச்சியில் ராட்டினம் நின்றது. அங்கிருந்து ஒரு கை அசைந்தது. அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றியதால் இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தபடியே பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார் மற்றவர்.

இறங்கி வந்தவள் முகம் காற்றில் சிவந்திருந்தது. பையை வாங்கக் கை நீட்டுவாள் என்று அவர் தோளைச் சாய்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வரிசைக்குப் போனாள்.